பத்தியமும் மருந்தும் ஒரு நுகத்து மாடுகள்

'சலரோகம் பணக்காரர் வருத்தம்' என்று எமது தீவுகளிலே முன்னர் ஒரு பேச்சு இருந்தது. கொழும்பிலே கடை வைத்திருந்து, வயதுபோன காலத்தில் ஊரோடு வந்து சேர்ந்த முதலாளிமாருக்குத்தான் அந்த வருத்தம் வரும். துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவனுக்கும், கடலுக்குப் போனவனுக்கும், பனையேறியவனுக்கும் அது கிட்டவும் வராது என்று எமது பெற்றோர் நம்பியிருந்தார்கள்.

அந்த நம்பிக்கை இன்று பொய்த்துவிட்டது. 2005-06 காலத்தில் இலங்கையில் நடந்த ஓர் ஆய்வு, வயதுவந்தோரில் பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாதிருந்தது. 2018-19 இல் நடந்த இன்னோர் ஆய்வு, நூறு பேரில் ஏறத்தாழ 23 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இது இனிமேலும் முதலாளிமாரின் வருத்தம் அல்ல. கூலிக்குப் போகிறவர் வீட்டிலும், தறப்பாள் கொட்டிலிலும், மீள்குடியேறிய அரைகுறை வீட்டிலும் அது குடியிருக்கின்றது.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லி விடயத்துக்கு வருவோம். 1991 இல் தீவை விட்டு வெளிக்கிட்டவர்கள் அவர்கள். வலிகாமத்தில் நான்கு வருடம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு எல்லோரோடும் சேர்ந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். பின்னர் வன்னி. 2009 இல் மெனிக் பாம். ஊர் திரும்பியபோது குடும்பத் தலைவருக்கு அறுபது வயது. கையில் ஒரு கிளினிக் கொப்பியும் இருந்தது. ஊர் வந்து ஆறு மாதத்தில், 'இந்தக் கசாயத்தைக் குடித்தால் குளிசை தேவையில்லை' என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குளிசையை நிறுத்திவிட்டார். கசாயம் குடித்த தெம்பில், 'எனக்கு ஒன்றுமில்லை' என்றே சொல்லித் திரிந்தார். ஒருநாள் வேலி அடைக்கும்போது பனைமட்டையின் கருக்குக் காலில் கீறியது. கால் விறைத்திருந்ததால் நோ தெரியவில்லை. பச்சிலை அரைத்துக் கட்டினார்கள். மூன்றாவது கிழமை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போனபோது, முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

பத்தியம் என்ற சொல்

எமது நாட்டு வைத்தியத்திலே 'பத்தியம்' என்றொரு சொல் உண்டு. பரியாரியார் மருந்து தரும்போது, எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்றும் சொல்லி அனுப்புவார். பத்தியம் காக்காதவனுக்கு மருந்து பலிக்காது என்பார். ஆனால் மருந்தை எறிந்துவிட்டுப் பத்தியம் மட்டும் இரு என்று எந்தப் பரியாரியாரும் சொன்னதில்லை. இரண்டும் ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்றை அவிழ்த்துவிட்டால் வண்டில் ஓடாது, குடை சாயும்.

இன்று எம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி குளிசையைப் போட்டுவிட்டு, பாணும் சீனித் தேத்தண்ணீரும் விருப்பம்போல உட்கொள்கின்றது. மற்றக் கட்சி, 'இங்கிலீசு மருந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கும்' என்று சொல்லி, மூலிகையை மட்டும் நம்புகின்றது. இரண்டு கட்சியும் ஒவ்வொரு மாட்டை அவிழ்த்துவிட்டவையே. சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில் முதலிடம் கட்டுக்கடங்காத சீனிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரியது என்பதை இரண்டாம் கட்சியார் அறியவேண்டும்.

வயிறு கெட்டது எப்படி?

நோயாளியைப் பார்த்து 'வாய்க்கட்டு இல்லை' என்று சொல்வது சுலபம். ஆனால் எமது வாய்க்கு வந்தது என்ன என்பதையும் பார்க்கவேண்டும். ஊரில் இருந்த காலத்தில் மாரி மழையை நம்பி விதைத்த நெல்லும் குரக்கனும் சாமையும், வேலியோரத்து முருங்கையும், பனை தந்த ஒடியலும், கரைவலையில் வந்த சிறுமீனும் எமது சாப்பாடாக இருந்தன. சீனி விலைபோன பொருள்; விருந்தினருக்கே எடுப்போம். நாள் முழுவதும் நடையும் வேலையும்.

இடம்பெயர்ந்த பின் எமது அடுப்பில் ஏறியது நிவாரண மூட்டை. அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. அந்த மூட்டை எம்மைப் பட்டினியில் இருந்து காத்தது. அதற்கு நாம் நன்றி மறக்கவில்லை. ஆனால் மரக்கறியும் மீனும் மூட்டையில் வருவதில்லை. தோட்டம் செய்தவன் முகாமில் வரிசையில் நின்றான். காலையில் ரொட்டி, மத்தியானம் வெள்ளைச் சோறு, இரவில் மறுபடி கோதுமை மாப் பிட்டு. மாதக் கணக்கில் தொடங்கியது வருடக் கணக்கில் பழக்கமாகிவிட்டது. ஊர் திரும்பிய பிறகும் எமது நாக்கு முகாமிலேயே இருக்கின்றது.

இன்னுமொரு காரணமும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், 1944-45 மாரிக்காலத்தில், ஒல்லாந்து நாட்டில் கொடும் பஞ்சம் ஏற்பட்டது. அந்தப் பஞ்சத்தில் கருவிலிருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, அவர்களின் உடம்பு மற்றவர்களைப் போலச் சீனியைச் சமாளிக்கவில்லை என்று கண்டார்கள். தாய் கிடந்த பட்டினி பிள்ளையின் உடம்பில் எழுதப்படுகின்றது. பதுங்கு குழியிலும் மரத்தடியிலும் கர்ப்பிணிகளாக இருந்த எமது தாய்மாரின் பிள்ளைகள் இன்று வளர்ந்தவர்கள். அவர்கள் முப்பத்தைந்து வயதைத் தாண்டும் முன்னரே ஒருமுறை இரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. ஆகவே, சலரோகம் வந்தவரைத் தீனிப்பண்டாரம் என்று பரிகசிப்பதை நிறுத்துவோம்.

அடுப்படியில் செய்யக்கூடியவை

உணவினால் எவ்வளவு முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு 2006 இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் அவதானித்தார்கள். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் நோய்க்குள் விழுந்தோர், சும்மா விடப்பட்டவர்களிலும் ஏறத்தாழ 28 வீதம் குறைவு. பிரித்தானியாவில் 2017 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்ட, உடற்பருமன் கூடிய நோயாளிகள் வைத்தியரின் கண்காணிப்பில் எடையை நன்றாகக் குறைத்தபோது, ஏறத்தாழ பாதிப்பேர் ஒரு வருட முடிவில் மருந்தில்லாமலே சீனியைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். வைத்தியரின் கண்காணிப்பில் என்ற சொற்களை மறக்கவேண்டாம். அவர்கள் தாமாகக் குளிசையை நிறுத்தியவர்கள் அல்லர். மேலும் எமது மக்களில் நோயிருந்தும் மெலிந்திருப்போர் பலர். அவர்கள் பட்டினி கிடக்கக்கூடாது.

எமது வீட்டில் முதலில் தொடவேண்டியது தேத்தண்ணீர்க் கோப்பை. ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி. நாளுக்கு ஐந்து கோப்பை. ஒரு கரண்டி ஏறத்தாழ 5 கிராம் என்றால், நாளொன்றுக்கு 75 கிராம். மாதத்துக்கு இரண்டேகால் கிலோ. தேனும் பழச்சாறும் உட்பட, சேர்த்துக்கொள்ளும் சீனியை நாளுக்கு 25 கிராம் அளவுக்குக் குறைப்பது நல்லது என்று 2015 இல் உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமாகச் சொன்னது; நோயாளிக்கு மட்டுமல்ல. கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். இரண்டு மாதத்தில் நாக்குப் பழகிவிடும்.

'நான் சீனி போடுவதில்லை, பனங்கட்டி கடித்துத்தான் குடிக்கிறேன்' என்று பெருமையாகச் சொல்வோர் பலர். பனங்கட்டியில் சிறிதளவு தாதுப்பொருள் உண்டு. எமது தொழிலாளரின் உழைப்பும் உண்டு. ஆனால் அதன் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே இனிப்புப் பொருள்தான். இரத்தம் இரண்டையும் வேறுபிரித்துப் பார்ப்பதில்லை. நோயில்லாதோர் பனங்கட்டி வாங்கிப் பனந்தொழிலை ஆதரியுங்கள். நோயாளி அதனை மருந்தென்று எண்ணவேண்டாம்.

அடுத்தது சோறு. சோற்றை முற்றாக விடு என்று நாம் சொல்லமாட்டோம். அது நடக்கிற காரியமுமல்ல. கோப்பையை மனத்தால் நான்காகப் பிரியுங்கள். இரண்டு பங்கு இலைக்கறியும் மரக்கறியும். ஒரு பங்கு மீன், முட்டை, பருப்பு அல்லது பயறு. மிகுதி ஒரு பங்கே சோறு. தீட்டாத சிவப்பரிசி நல்லது. மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் விடவேண்டாம். கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தால் சீனி மெதுவாக ஏறும்.

குரக்கனைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எண்ணுகின்றோம். அதில் நார் கூட. ஆனால் அதுவும் மாப்பொருளே. நன்றாக அரித்த மாவில் காய்ச்சிய கஞ்சி விரைவாகச் சீனியை ஏற்றும். அரிக்காத மாவில் முருங்கையிலை கலந்து அவித்த பிட்டு, கையளவு சாப்பிட்டால் நல்ல சாப்பாடு. ஒடியலுக்கும் அதே கணக்குத்தான். கசப்புப் போக மாவை ஊறவிட்டு வடித்து, பயற்றங்காயும் கீரையும் மீனும் நண்டும் கூடப் போட்டு, மாவைக் குறைத்துக் காய்ச்சிய கூழ் பத்தியத்துக்கு ஒத்தது. மாவைக் கூட்டி மீனைக் குறைத்தால் அது வெறும் பசை.

கடல் எம்மைச் சூழ்ந்திருப்பது பெரும் பாக்கியம். சூடையும் கீரிமீனும் விலை குறைந்தவை. நல்ல புரதம் தருபவை. ஆனால் கருவாட்டைத் தினமும் தொடவேண்டாம். சீனியோடு இரத்த அழுத்தமும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது.

நடையும் பத்தியத்தின் பங்கே. நாளுக்கு அரை மணி நேரம், கிழமைக்கு ஐந்து நாள் விறுவிறுப்பாக நடந்தால் போதும். ஒருவர் வீட்டில் பத்தியம் என்றால் அவருக்கென்று தனிச் சட்டி வைக்கவேண்டாம். முழுக் குடும்பமும் அதே சாப்பாட்டைச் சாப்பிடட்டும். தனிச் சட்டிப் பத்தியம் ஒரு மாதம் நிற்காது என்பது நாம் கண்ட அனுபவம். வீட்டுப் பெண்ணுக்கு நோய் வந்தால் இது இன்னும் உண்மை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சிய சோற்றோடு குந்துகிறவளுக்குப் பத்தியம் எங்கிருந்து வரும்?

மூலிகை எவ்வளவு தூரம்?

மூலிகையைப் பழிப்பது எமது நோக்கமல்ல. இன்று உலகெங்கும் நீரிழிவுக்கு முதலில் கொடுக்கும் மெற்போமின் குளிசையின் ஆதி, ஐரோப்பாவில் வளரும் ஒரு செடிதான். அந்தச் செடியில் கண்ட பொருளைப் பின்பற்றி ஆய்வுகூடத்தில் செய்த மருந்தை, 1957 இல் பிரான்சிய வைத்தியர் ஜோன் ஸ்ரேண் நீரிழிவுக்கு உதவுமென்று எழுதினார். செடியில் குணம் உண்டு. எவ்வளவு குணம், எந்த அளவில், யாருக்கு என்பதே கேள்வி.

பாகற்காயை எடுப்போம். 1986 இல் இலங்கை ஆய்வாளர்கள் அதன் சாற்றை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, நால்வரில் ஏறத்தாழ மூவருக்குச் சீனி தாங்கும் சக்தி கூடியதைக் கண்டார்கள். ஆனால் பிற்காலத்தில் பல பரிசோதனைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தவர்கள், பாகற்காயை மருந்தென்று விதந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றார்கள். 1979 இல் இங்கிலாந்தின் லான்செற் மருத்துவ ஏட்டில் ஒரு குறிப்பு வந்தது. நீரிழிவுக் குளிசை எடுத்துவந்த ஒரு பெண், பாகற்காய்க் கறியும் சாப்பிட்டபோது, குளிசையின் வேலையோடு கறியின் வேலையும் சேர்ந்து சீனி எதிர்பார்த்ததிலும் கூட இறங்கியது. ஆகவே கறியாகச் சாப்பிடுங்கள், நல்லது. சாறாக, கசாயமாக நாள்தோறும் குடிப்பதென்றால் கிளினிக் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெந்தயத்துக்கும் கோவை இலைக்கும் இதுவே எமது சொல்.

சிறுகுறிஞ்சா இலையைச் சப்பிவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணல்போல இருக்கும். அதைக் கண்டு, 'சீனியையே கொன்றுவிடும் மூலிகை' என்கின்றோம். நாக்கில் இனிப்பு மறைவது வேறு. இரத்தத்தில் சீனி குறைவது வேறு. அது பற்றியும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. குளிசைக்குப் பதிலாகும் என்று எவரும் நிறுவவில்லை. பனம்பழக் களியிலுள்ள கசப்புப் பொருளைச் சிறீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். எமது பனையை ஆராய்வது மகிழ்ச்சிக்குரியது. எனினும் நாம் தின்னும் பனாட்டில் அந்தக் கசப்போடு சீனியும் உண்டு.

தீங்கு தரும் மூலிகையும் உண்டு. தமரத்தங்காயை அறிவீர்கள், குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போலிருக்கும், சிங்களத்தில் காமரங்கா என்பார்கள். அதன் சாறு சலரோகத்துக்கு நல்லதென்று ஒரு கைவைத்தியம் உலாவுகின்றது. அந்தப் பழத்தால் சிறுநீரகம் பழுதான இருவரைப் பற்றி 2015 இல் இலங்கை வைத்தியர்கள் அறிக்கை எழுதினார்கள். அவர்களில் ஒருவர் நீரிழிவுக்கு மருந்தென்று இரண்டு மூன்று வருடமாக அதனை உண்டவர். அதிலுள்ள ஒக்சலேற் என்னும் பொருள் சிறுநீரகத்தில் படிகின்றது. புளிப்பான பிலிம்பிக்காய்ச் சாற்றாலும் இவ்வாறே நேர்ந்ததைக் கேரள வைத்தியர்கள் கண்டார்கள். 'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டவுடன் பயம் தெளியவேண்டாம். அலரிக்காயும் இயற்கைதான்.

பெயரில்லாத போத்தலிலும் பைக்கற்றிலும் வரும் 'மூலிகைத் தூள்' பற்றி இன்னும் கவனம் வேண்டும். அப்படிப்பட்ட சிலவற்றில் ஈயம் கலந்திருந்ததையும், வேறு சிலவற்றில் மேனாட்டு நீரிழிவு மருந்தையே இரகசியமாகக் கலந்திருந்ததையும் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் போவது வேறு. பேருந்து நிலையத்தில் தூள் வாங்குவது வேறு.

மருந்தை அவிழ்த்துவிடலாமா?

ஒரு வகை நீரிழிவு உண்டு. பெரும்பாலும் சிறுபிள்ளைகளுக்கும் இளைஞருக்கும் வருவது. அதில் சதையி இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிடுகின்றது. 1921 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைக் கண்டுபிடிக்குமுன், இந்தப் பிள்ளைகளுக்கு உலகத்தின் தலைசிறந்த வைத்தியர்களிடமும் பத்தியம் தவிர வேறு மருந்து இருக்கவில்லை. எலும்பும் தோலுமாகப் பட்டினி போட்டுச் சில மாதம் உயிரை இழுத்துப் பிடித்தார்கள், அவ்வளவுதான். ஆகவே ஊசி போடும் பிள்ளையின் தாய்க்கு ஒன்று சொல்கின்றோம். எவர் எந்த மூலிகையைக் கொண்டுவந்தாலும் ஊசியை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். காய்ச்சல், வாந்தி வந்த நாளிலும் நிறுத்தாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எம்மைப் போலவே அகதியான ஒரு பெண்ணின் கதை இங்கே சொல்லத்தக்கது. ஈவா சாக்சல் செக்கோசிலோவாக்கியாவைச் சேர்ந்தவர்; ஹிட்லருக்குத் தப்பி 1940 இல் கணவனோடு சீனாவின் சங்காய் நகரம் போனவர். அங்கே அவருக்கு நீரிழிவு வந்தது. யுத்தத்தில் யப்பானியர் நகரைக் கைப்பற்ற, மருந்துக்கடைகளில் இன்சுலின் அற்றுப்போயிற்று. கணவரோ துணி ஆலைப் பொறியியலாளர். இருவரும் ஒரு மருத்துவப் புத்தகத்தைப் படித்து, கடன் கிடைத்த ஓர் ஆய்வுகூடத்தில், எருமையின் சதையியிலிருந்து தாமே இன்சுலினை எடுத்தார்கள். முயலில் சோதித்தபின் அவர் தம்மில் ஏற்றிக்கொண்டார். அகதிகள் நடுவே இருந்த நூற்றுக்கணக்கான நோயாளர் அந்த மருந்தால் யுத்தம் முடியும்வரை பிழைத்தார்கள். கசாயமோ பட்டினியோ போதுமென்றால் அவர்கள் ஏன் இவ்வளவு பாடுபடவேண்டும்?

இன்சுலினைக் குளிரூட்டி இல்லாத வீட்டில் எப்படி வைப்பது? 1990 க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த வருடங்களில் எம்மவர் மண்பானையை நம்பினார்கள். அது மூடத்தனமல்ல. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் ஓர் அகதி முகாம் வெப்பநிலையை வைத்து நடத்திய ஆய்வு 2021 இல் வெளிவந்தது. 25 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நான்கு கிழமை வைத்தாலும் இன்சுலினின் வலு குறையவில்லை என்று அது காட்டியது. பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டியை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, ஈரத்துணியால் மூடிக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மருந்து நனையாமல் ஒரு சிறு போத்தலில் போட்டு உள்ளே வைக்கலாம். வெயில் படக்கூடாது, உறையவும் கூடாது.

மூன்று விடயங்களை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்கவேண்டும். முதலாவது, சீனி கீழே இறங்குவது. குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடத் தவறினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வரும். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொருமுறை கொடுங்கள். மயங்கிவிட்டவருக்கு வாயால் ஒன்றும் பருக்கக்கூடாது, வைத்தியசாலைக்கு ஓடுங்கள். இரண்டாவது, விரதம். தவக்கால ஒருசந்தியானாலும் கந்தசட்டியானாலும், குளிசையோ ஊசியோ எடுப்பவர் முன்கூட்டியே வைத்தியரைக் கேட்காமல் பட்டினி இருக்கக்கூடாது. மூன்றாவது, கால். எமது தீவுகளில் கல்லும் முள்ளும் கருக்கும் அதிகம். படுக்குமுன் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் செருப்போடு போங்கள். காற்புண்ணுக்குப் பச்சிலையும் வேண்டாம், சுடுசாம்பலும் வேண்டாம். கழுவி மூடிக்கொண்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மாடுகளுக்குத் தீனி யார் போடுவது?

இவ்வளவும் நோயாளிக்குச் சொன்ன புத்தி. இனி மற்றவர்களுக்கும் சொல்லவேண்டும். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் ஒரு நோயாளி, குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரம் படகில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்கவேண்டும். கடல் கொந்தளித்தால் அந்த மாதக் கிளினிக் இல்லை. கூலிக்காரருக்குக் கிளினிக் நாள் என்பது ஒருநாள் உழைப்பு. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது அரச வைத்தியசாலைகளில் மருந்தும் குறைந்தது, படகுக்கும் பேருந்துக்கும் எரிபொருளும் குறைந்தது. ஒருவரின் குளிசையை இருவர் பாதி பாதியாக எடுத்ததை நாம் கண்டோம். அந்த வெற்றிடத்தில்தான் கசாயப் போத்தல்காரர் நுழைகின்றார். மருந்தை நிறுத்தியவரை ஏசுமுன், மருந்து அவருக்கு எட்டியதா என்று கேட்போம்.

ஆகவே நாம் கேட்பது இவை. தீவுகளிலிருந்து வரும் நோயாளருக்கு, மாரிக்காலத்திலாவது, இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம். கிளினிக் நேரத்தைப் படகு நேரத்தோடு பொருத்தலாம். சீனி பார்க்கும் கருவியும் பட்டிகளும் தீவு வைத்தியசாலைகளில் எந்நாளும் இருக்கவேண்டும். இடர் வரும்போது மூட்டை கட்டுகின்ற அரசும் தொண்டு நிறுவனங்களும், எமது திருச்சபை நிறுவனங்கள் உட்பட, மாவையும் சீனியையும் குறைத்துச் சிவப்பரிசியும் பயறும் கடலையும் வைக்கவேண்டும். கூடவே ஒரு கட்டுக் கீரைக்கு வழிசெய்ய வேண்டும். சலரோகக்காரர் இருக்கும் வீட்டுக்கு மாதம் சில கிலோ சீனி கொடுத்துவிட்டு, மறுநாள் அதே முற்றத்தில் 'நீரிழிவு விழிப்புணர்வுக் கருத்தரங்கு' வைப்பதில் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நிலம். வாடகை வளவில் இருப்பவனிடம் 'கீரை நடு' என்று எப்படிச் சொல்வது? நல்ல தண்ணீர்க் கிணறும் நாலு பரப்புக் காணியும் இருக்கும் வீட்டுக்குப் பத்தியம் தானாக வரும். வாழ்வாதாரத் திட்டங்களிலே கோழியும் ஆடும் கொடுப்பதைப் போல, ஒரு முருங்கைத் தடியும் பாகற்கொடிக்கு ஒரு பந்தலும் கொடுப்பது வைத்தியச் செலவைக் குறைக்கும் முதலீடு.

இவையெல்லாம் நடக்கும்வரை நாம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. கால் இழந்த அந்த ஐயா இன்று தம் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடம் 'இரத்தம் பார்த்தனீங்களோ?' என்று கேட்கிறார். குளிசை வேளைக்கு, கறிக்குப் பின்வளவு முருங்கையிலை. மனைவியும் மருமகளும் அவரோடு சேர்ந்து சீனியில்லாத தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். இரண்டு மாட்டையும் பூட்டிவிட்டார்கள், கொஞ்சம் பிந்தித்தான்.

நீங்கள் பிந்தவேண்டாம். இந்தக் கிழமையே உங்கள் வீட்டில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய எல்லோரும் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் வெறுவயிற்றில் இரத்தம் பாருங்கள், காசு கேட்கமாட்டார்கள். 126 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி பார்த்து உறுதிசெய்து, கொப்பி திறவுங்கள். திரும்பி வரும் வழியில் ஒரு முருங்கைத் தடி கேட்டு வாங்கி வாருங்கள்.